வெற்றிலைத் தட்டுக்குக் கீழே ஓடிய டிஸ்க்

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் தங்கையின் இடது காது கிழிந்தது. சட்னி தண்ணீராக இருந்ததற்காக அவள் கணவர் கம்மலைப் பிடித்து இழுத்தார். கார்த்திகையில் கீழ்வரிசைப் பல் ஒன்று போனது. தை பிறந்து பத்து நாளில் அவள் தோள்பட்டையில் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்தது. முக்கோண வடிவம், ஒரு பக்கம் இரண்டு அங்குலம். அளந்துதான் எழுதினேன். அந்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

நான் எதையும் எழுதி வைக்கிறவன். அப்போது ஹெப்பாளில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. மிக்ஸிங் மெஷின்களின் பேரிங்குகள் கெடுவதற்கு முன்பே சத்தம் மாறும். அந்த மாற்றத்தைப் பிடிக்க மாதம் ஒருமுறை ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் மூன்று நிமிடம் ஒலிப்பதிவு செய்து, போன மாதத்தோடு ஒப்பிட்டுக் கேட்பேன். பதிவு செய்ய ஒரு மினிடிஸ்க் ரெக்கார்டர் வைத்திருந்தேன். மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சட்டைப்பைக்குள் அடங்கும். உள்ளே பிளாஸ்டிக் உறையோடு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சதுர டிஸ்க். கைபேசிகளில் இன்னும் பொத்தான்கள் இருந்த காலம் அது.

அந்தக் கருவியில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும். பேசப் பேச ஒலி டிஸ்க்கில் பதிகிறது. ஆனால் எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற பொருளடக்கத்தை, ஸ்டாப் பொத்தானை அழுத்திய பிறகுதான் டிஸ்க்கின் முதல் பகுதியில் எழுதும். அது எழுதி முடிக்கும்வரை திரையில் ஓர் எழுத்து விட்டுவிட்டு மின்னும். அப்போது கருவியை அசைக்கக் கூடாது. அதற்கு முன் பேட்டரி கழன்றுவிட்டால் டிஸ்க் முழுக்க ஒலி இருந்தும் கருவி அதை வெற்று டிஸ்க் என்றே காட்டும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பெரியவர் என்று கொள்ளேகாலில் இருக்கும் தாய்மாமன் ஒருவர்தான். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் தங்கை என் வீட்டுக்கு வருவாள். மாமா பஸ் ஏறி வருவார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். நடுவில் வெற்றிலைத் தட்டு. பேசி முடித்ததும் மாப்பிள்ளை தட்டைத் தொட்டு இனிக் கை வைக்கமாட்டேன் என்று சொல்லி வெற்றிலை எடுத்தால் விவகாரம் தீர்ந்தது என்று பொருள். தங்கை அன்றைக்கே அவருடன் போய்விடுவாள். அடுத்த முறை கேட்டால், அப்படி எதுவும் சொல்லவில்லை என்பார். எழுதி வாங்கலாம் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எழுதி வாங்கறது கோர்ட்டுக்குப் போறவங்க வேல. நாம தட்டுக்குக் கட்டுப்பட்ட சனம்," என்றார்.

இஸ்திரிப்பெட்டிக்குப் பிறகு கூடிய பேச்சுக்கு ரெக்கார்டரை வைத்தேன். தட்டு வைக்கும் மர ஸ்டூலுக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் ஒரு சின்னப் பலகை உண்டு. அதில் கருவியை வைத்து, மைக்கைக் கறுப்பு நூலால் சட்டத்தில் கட்டினேன். சிவப்பு விளக்கின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். வெற்றிலைத் தட்டின் அடியில் மடித்த துண்டு, கணகணப்பு மைக்கில் விழாமல் இருக்க. டிஸ்க் எண் அறுபத்து மூன்று, புதியது. ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு ஓடவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக்கடை. மார்க்கெட்டில் அவரைப் பார்த்தால் சுமை தூக்குகிறவர்கள்கூட வழிவிடுவார்கள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு மாப்ள. தட்டைத் தொட்டு ஒரு வார்த்த சொல்லுங்க," என்றார் மாமா.

"எத்தன வாட்டி மாமா தொடறது? நானென்ன கோயில் மணியா, வர்றவன் போறவனெல்லாம் ஆட்டறதுக்கு?"

"கார்த்திகையில தொட்டீங்கல்ல மாப்ள. இனி கை வெக்கமாட்டேன்னு சொன்னீங்க," என்றேன்.

"நானா? எப்ப? எத்தன மணி எத்தன நிமிஷத்துக்கு? நோட்டுல இருக்குமே. பாத்துச் சொல்லுங்க நோட்டு மச்சான்."

"இருக்குது."

"நாளைக்கு நானும் ஒரு நோட்டு வாங்கறேன். மச்சான் வீட்டுப் பின்னால ஆன கட்டியிருக்குதுன்னு எழுதறேன். ஆன வந்துருமா?"

மாமா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன் என்று டிஸ்க்கைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அடுத்து நடந்ததை அன்று மாலை நோட்டில் எழுதினேன். அந்தப் பத்தியை அப்படியே தருகிறேன்.

"தங்கை சமையலறை வாசலில் நின்றாள். பேசவில்லை. பேச்சு ஏறக்குறைய முடிந்த நேரத்தில் மாப்பிள்ளை திடீரென்று எழுந்து அவள் முடியைப் பிடித்துத் தலையை நிலைக்கட்டையில் இருமுறை மோதினார். அவள் ஸ்டூலின் மேல் விழுந்தாள். தட்டு சிதறியது. முதுகில் உதைத்தார், மூன்று முறை. மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், விடுவித்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை பாக்குவெட்டியை எடுத்து தங்கையை வெட்ட ஓங்கினார். நான் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கினேன். பிடுங்கும்போது அவர் முகத்தில் பட்டது. ஸ்டூல் உதைபட்டு ரெக்கார்டர் சுவரில் மோதியது. பேட்டரி மூடி உடைந்து பேட்டரி வெளியே விழுந்தது."

எங்கள் வீட்டுப் பாக்குவெட்டி பழைய இரும்பு, ஒரு சாண் நீளம். மாப்பிள்ளையின் இடது புருவத்திலிருந்து காது வரை பிளந்து கன்னத்துச் சதை தொங்கியது. தரையில் கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ரத்தம். ரத்தத்தில் விழுந்த சுண்ணாம்பு சிவந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் அலறிக்கொண்டு கதவைத் தள்ளியபோது, பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு நின்றது நான்.

மருத்துவமனையில் பதினொரு தையல் போட்டார்கள். படுத்தபடியே மாப்பிள்ளை போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்தார். மச்சான் வெட்டினான் என்று. காவல் நிலையத்தில் என்னை உட்கார வைத்திருந்த ஏட்டு நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கன்னத்திலும் அறைந்தார். பிறகு "ஏன்ரீ, படிச்சவரு மாதிரி இருக்கீங்க," என்று ஆச்சரியப்பட்டார். இடது காதில் மூன்று நாள் ரீங்காரம். கெட்டுப்போன பேரிங்கின் சத்தம் போலவே இருந்தது.

தங்கைக்குப் பின்னந்தலையில் நான்கு தையல். விலா எலும்பு ஒன்றில் விரிசல். என்ன நடந்தது என்று கேட்ட போலீஸ்காரரிடம் ஞாபகமில்லை என்றாள்.

மாமா எனக்காகப் பேசி மாலையில் வெளியே கொண்டுவந்தார். மறுநாளே சமாதானத்தோடு வந்தார். தங்கை வெள்ளிக்கிழமை புருஷன் வீட்டுக்குத் திரும்பினால் மாப்பிள்ளை புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார். திரும்பாவிட்டால் சனிக்கிழமை எஃப்.ஐ.ஆர். ஆயுதத்தால் தாக்கிய வழக்கு. கைதானால் தொழிற்சாலையில் அன்றைக்கே சஸ்பெண்ட்.

"வெள்ளிக்கிழம நல்ல நாள். காலையில பத்தரைக்கு அனுப்பிடலாம். என்ன சொல்ற கண்ணு?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்காமல், "போறேன் மாமா," என்றாள்.

எனக்காகத்தான் போகிறாள் என்று தெரிந்தது. அந்த வீட்டில் இனி அவளுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. மாப்பிள்ளைதான் பாக்குவெட்டியை எடுத்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அறுபத்து மூன்றாம் டிஸ்க். பேட்டரியை மாட்டிப் போட்டேன். வெற்று டிஸ்க் என்றது.

மார்க்கெட் பக்கம் ரேடியோ பழுது பார்க்கிறவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒண்ணுமே இல்ல. புதுசு. மறுபடி ரெக்கார்ட் பண்ணிக்கங்க," என்றார். மறுபடி ரெக்கார்ட் செய்ய வேண்டுமானால் அவள் இன்னொரு முறை அடிவாங்க வேண்டும். டிஸ்க்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒலி உள்ளே இருக்கிறது, பொருளடக்கம் மட்டும் இல்லை. ஆகவே வேறொரு டிஸ்க்கின் பொருளடக்கத்தை இதில் எழுத வைக்க வேண்டும். இதுதான் நான் போட்ட கணக்கு. காலி டிஸ்க் ஒன்றில் எழுபத்து நான்கு நிமிடம் முழுக்க வெறும் அமைதியைப் பதிவு செய்தேன். அதன் பொருளடக்கம், 'இந்த டிஸ்க்கில் ஒரே பாட்டு, முதலிலிருந்து கடைசிவரை' என்று சொல்லும். அதைப் போட்டு, ஓட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அழுத்தி, பாட்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால், கருவி திருத்திய பொருளடக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஸ்டாப் அழுத்தியதும் எழுதக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். ஆனால் மூடியைத் திறந்தால் கருவிக்குத் தெரிந்துவிடும். ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அழுந்தியிருக்கும்வரை மூடி மூடியே இருக்கிறது என்று கருவி நம்பும். அந்த சுவிட்ச்சை ஒரு பல்குச்சித் துண்டால் அழுத்தி டேப் போட்டேன்.

செவ்வாயும் புதனும் லீவு போட்டுவிட்டுப் பழைய பேரிங் டிஸ்க்குகளில் ஒத்திகை பார்த்தேன். வேண்டுமென்றே பேட்டரியைப் பிடுங்கி டிஸ்க்கை வெறுமையாக்கி, பிறகு மீட்க முயல்வது. முதல் முறை குச்சி நழுவியது. இரண்டாம் முறை டிஸ்க் சுழல்வது நிற்பதற்குள் மூடியைத் தூக்கியதில் உள்ளே கீறிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது, அந்த டிஸ்க் அதோடு போயிற்று. மூன்றும் நான்கும் சரியாக வந்தன. ஐந்தாவதில் மறுபடி நழுவியது. குச்சியை மாற்றி, கோணத்தை எழுதிவைத்து, ஆறும் ஏழும் எட்டும் தொடர்ந்து சரியானபின் நிறுத்தினேன்.

வியாழன் காலை ஒன்பது மணி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்து, மறுநாள் கொண்டுபோகும் பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். விலா வலித்ததால் குனியாமல் மடித்தாள். அமைதி டிஸ்க்கைப் போட்டேன். பாஸ். ஓர் எழுத்து மாற்றம். சுழற்சி நிற்க நாற்பது எண்ணினேன். மூடியைத் தூக்கி, அதை எடுத்து, அறுபத்து மூன்றை வைத்து, மூடி, ஸ்டாப். அந்த எழுத்து மின்னியது. நான் மூச்சு விடவில்லை. மின்னல் நின்றது. திரையில், ஒரு பாட்டு, எழுபத்து நான்கு நிமிடம்.

ஹெட்ஃபோனை மாட்டி, நோட்டைத் திறந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டே கேட்டேன்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் மாப்பிள்ளையின் குரல் தெளிவாக விழுந்தது. "அடிச்சேன். யாரு இல்லேன்னது? எம் பொண்டாட்டி, அடிச்சேன். மார்க்கெட்ல எவன் அடிக்கல?" பென்சிலால் அடிக்கோடு போட்டேன்.

ஆனால் அதற்கு முன்பே, பதினோராவது நிமிடம் இருபதாவது நொடியில், வாசல் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல். "நான் போகலண்ணா." உடனே மைக்கின் பக்கத்தில் என் குரல். "இரு, நான் பேசறேன்ல."

இருபதாவது நிமிடத்தில் மறுபடி. "அண்ணா, நான் போகல." என் குரல், "பெரியவங்க பேசறப்ப சும்மா இரு."

இருபத்தெட்டில் மூன்றாவது முறை. அதற்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை. மாமாவிடம், "இந்த ஒரு வாட்டி அனுப்பறோம் மாமா, மேல ஏதாச்சும் ஆச்சுன்னா பாத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பேசவில்லை என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

நாற்பதாவது நிமிடத்தில் அவள் நான்காவது முறை சொன்னாள். இந்த முறை கத்தினாள். "நான் போகமாட்டேன். செத்தாலும் போகமாட்டேன்." நாற்காலி இழுபடும் சத்தம். மரத்தில் தலை மோதும் சத்தம், இரண்டு. தட்டு விழுந்து உருளும் சத்தம். உதைகள், நான் எழுதியது போல மூன்று அல்ல, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து காற்று வெளியேறியது. பிறகு இரும்பு தரையில் உரசும் சத்தம். சட்டென்று மாப்பிள்ளையின் குரல் மாறியது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஏய்... ஏய், கீழ போடு. கீழ போடும்மா. வேணாம். சொல்றேன்ல. அய்யோ, வேணாம், வேணாம்மா..."

ஈரமான ஒரு சத்தம். அவருடைய அலறல். அதோடு பதிவு நின்றது. இந்தக் கருவி ஒலியைச் சில நொடிகள் தன் நினைவில் வைத்திருந்துதான் டிஸ்க்கில் எழுதும். பேட்டரி கழன்றபோது அந்தக் கடைசி நொடிகள் போய்விட்டன. நான் மணிக்கட்டை முறுக்கியது அதில் இல்லை. யாருடைய மணிக்கட்டை முறுக்கினேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வளையல் போட்ட மணிக்கட்டு. என் உள்ளங்கையில் இருந்த கீறல் கண்ணாடி வளையல் உடைந்து ஏற்பட்டது. நான்கு நாளாக அதற்கு மருந்து போட்டுக்கொண்டு, அதைப் பாக்குவெட்டிக் காயம் என்று எழுதியிருக்கிறேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். நாற்பதாவது நிமிடத்திலிருந்து கேட்டாள். முகம் மாறவில்லை.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள். "நீ வேற மாதிரி எழுதிட்ட. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"அவரு ஏன் என்னைச் சொன்னாரு?"

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். உதடு காய்ந்திருந்ததால் வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. "பொண்டாட்டி வெட்டினாள்னு அவரு எப்படிண்ணா சொல்வாரு? மார்க்கெட்ல தல காட்ட முடியுமா?"

அந்தக் கருவியில் ஒலியை வெட்டவும் முடியும். ஓர் இடத்தில் பிரித்து, வேண்டாத துண்டை அழித்துவிடலாம். பத்தொன்பதாவது நிமிடத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்குப் பிறகு உள்ளதை அழித்துவிடலாம் என்றேன். போலீஸ் கையில் கிடைத்தால் வழக்கு அவள் மேல் திரும்பும். விரலைப் பொத்தானில் வைத்துவிட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அவள் என்னைத் தொட்டு ஒதுக்கியது அது ஒரே முறை.

"அதுலதாண்ணா எல்லாம் இருக்கு. அழிக்காத."

டிஸ்க்கின் ஓரத்தில், மேலே பதிவு விழாமல் தடுக்க ஒரு சின்னத் தள்ளுமூடி இருக்கும். அதைத் திறந்துவிட்டால் எதையும் அழிக்க முடியாது. எது என்று கேட்டு, நகத்தால் அவளே தள்ளினாள்.

வெள்ளி பத்தேகாலுக்கு மாப்பிள்ளை ஆட்டோவில் வந்தார். முகத்தில் பாதிக்குக் கட்டு. மாமா மறுபடி தட்டை வைக்கச் சொன்னார். பாக்குவெட்டி வேண்டாம் என்று சீவல் பாக்கெட் வாங்கி வந்திருந்தார்.

"பையை எடுத்துக்க கண்ணு," என்றார் மாமா.

தங்கை ரெக்கார்டரைக் கொண்டுவந்து வெற்றிலைக்கு மேலேயே வைத்தாள். சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். அமுக்க வேண்டிய பொத்தானை முன்னமே காட்டிக் கொடுத்திருந்தேன்.

"என்னது இது? பாட்டுப் போட்டு அனுப்பறீங்களா நோட்டு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை பொத்தானை அமுக்கினாள். "நான் போகமாட்டேன்" என்ற அவள் குரல் அறையில் எழுந்தது. பிறகு மரம், தட்டு, ஐந்து உதை. மாமா ஒவ்வொரு உதைக்கும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அந்தக் குரல். "கீழ போடும்மா. வேணாம். அய்யோ, வேணாம்மா..."

மாமா மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். "இது நீங்களா மாப்ள?"

மாப்பிள்ளை பாய்ந்து ரெக்கார்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கீழே விழுந்ததை மறுபடி எடுத்து அடித்தார். செருப்புக் காலால் மிதித்தார். கண்ணாடித் திரை நொறுங்கியது, மூடி ஒரு பக்கம் பறந்தது. ஆவேசத்தில் தையல் விட்டு முகத்துக் கட்டுத்துணியில் சிவப்பு பரவியது. ஸ்பீக்கரை எடுத்து என் மேல் வீசினார். நெற்றியில் பட்டது. நான் நகரவில்லை. அவள் முன்னால் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

அவள் எனக்குப் பின்னாலிருந்து குனியாமல் முட்டிபோட்டு உட்கார்ந்து, நொறுங்கிய மூடிக்குள்ளிருந்து டிஸ்க்கை உருவினாள். பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஸ்டேஷன்ல போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். "நாந்தான்னு நானே சொல்லிக்கறேன். ஜெயில்ல போடட்டும். ஆனா மார்க்கெட் பூரா கேக்கும், நீங்க எப்படிக் கெஞ்சினீங்கன்னு."

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். மாமா சீவல் பாக்கெட்டைத் தட்டிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை காலை அவரே காவல் நிலையத்துக்குப் போய், கடையில் பித்தளை அண்டா சரிந்து விழுந்ததில் முகம் கிழிந்தது, மச்சான் மேல் இருந்த கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் திரும்பிப் போகவில்லை. இப்போது ஹெப்பாளிலேயே ஒரு கம்பெனி கேன்டீனில் மேற்பார்வை வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். டிஸ்க் அவள் பீரோவில் நகைப்பெட்டிக்குள் இருக்கிறது. காதைக் கிழித்த அந்தக் கம்மலுக்குப் பக்கத்தில். அதைக் கேட்க எங்கள் இருவரிடமும் கருவி இல்லை. நான் வேறு வாங்கவில்லை. தொழிற்சாலையில் இப்போது பேரிங் சத்தத்தைக் கணினி கேட்கிறது.

என் நோட்டில் எழுதியதை அடித்துத் திருத்துவது என் வழக்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்தி அப்படியேதான் இருக்கிறது, மூன்று உதையோடும் 'திடீரென்று' என்ற சொல்லோடும். அதன் ஓரத்தில் அந்த வெள்ளிக்கிழமை மாலை, நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுதிய வரி இது.

"தங்கை பேசினாள். 11:20, 20:05, 28:10, 40:02."